கலங்கிய சிறுநீரும் ஐந்து நாள் மாத்திரையும்

முதியோர் இல்லத்துக்குள் ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பின் வழியாகத்தான் நுழைகிறது. "அம்மா காலையிலேருந்து சரியா சாப்பிடல சார். கூப்பிட்டா அரைகுறையா பதில் சொல்றாங்க. யூரின் கலங்கலா இருக்கு, வாடையும் அடிக்குது" என்கிறார் பராமரிக்கும் பெண். மருத்துவரால் உடனே வந்து பார்க்க முடியாது. சிறுநீரைச் சோதிக்கச் சொல்கிறார். கிருமி இருக்கிறது என்று சீட்டு வருகிறது. ஐந்து நாளைக்கு மாத்திரை. மூன்றாம் நாள் அம்மா எழுந்து உட்கார்ந்து காபி கேட்கிறார். மாத்திரை வேலை செய்துவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி.

இந்தக் கதையில் மாத்திரைக்குப் பங்கே இல்லாமல் இருந்திருக்கலாம். கலங்கலாக இருப்பதாலோ வாடை அடிப்பதாலோ மட்டும் சிறுநீரில் தொற்று என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர் குறைவாகக் குடித்தாலே இரண்டும் வரும். சோர்வும் குழப்பமும்கூட நீர் வற்றியதால் வந்திருக்கலாம். மாத்திரையோடு சேர்த்து, "நிறைய தண்ணி குடுங்க" என்றும் மருத்துவர் சொல்லியிருப்பார். அம்மாவை எழுப்பி உட்கார வைத்தது அந்தத் தண்ணீராகவே இருந்திருக்கலாம்.

அப்படியானால் சோதனையில் தெரிந்த கிருமி? கனடாவின் லிண்ட்சே நிக்கோல் போன்ற ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருவது இதுதான்: நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் இருக்கும் பெண்களில் 25 முதல் 50 சதவீதம் பேருக்கும், ஆண்களில் 15 முதல் 40 சதவீதம் பேருக்கும் எந்த நேரத்தில் சோதித்தாலும் சிறுநீரில் பாக்டீரியா இருக்கும். எரிச்சல் இருக்காது, காய்ச்சல் இருக்காது, உடலுக்குக் கேடும் இருக்காது. இதை அறிகுறியற்ற பாக்டீரியா இருப்பு என்பார்கள். சிறுநீர்க் குழாய் போட்டவர்களுக்கு இது இன்னும் அதிகம். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் என்ற கணக்கில் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். மாதக்கணக்கில் குழாயோடு இருப்பவர்கள் ஏறக்குறைய அனைவரின் சிறுநீரிலும் கிருமி உண்டு. அறிகுறியே இல்லாத இவர்களுக்கு மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் ஆயுள் கூடவில்லை, சிறுநீர்க் கசிவு நிற்கவில்லை. பக்கவிளைவுகள்தான் கூடின. சில வாரங்களில் வேறொரு கிருமி, பல சமயம் மருந்துக்கு அடங்காத கிருமி, அதே இடத்தில் வந்து குடியேறியது.

சோதனைச் சீட்டு பொய் சொல்லவில்லை. சீட்டைக் கேட்ட காரணம்தான் சரியில்லை.

தங்கவயலின் முதுமை

இதையெல்லாம் ராபர்ட்சன்பேட்டையில் இருந்துகொண்டு யோசிக்கக் காரணம் இருக்கிறது. கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் சுரங்கத் தொழிலைத் தொடங்கியபின், வடார்க்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர் குடும்பங்களால் வளர்ந்த ஊர் இது. 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. கம்பெனி ஆஸ்பத்திரி என்று மக்கள் நம்பியிருந்த பெரிய மருத்துவமனையும் அதன்பின் ஓய்ந்துபோனது. வேலை தேடும் தலைமுறை விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயிலேறி பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகிறது. பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். பகலெல்லாம் வீட்டில் இருப்பது பெரியவர்கள்தான். சுரங்கம் மூடியபோது நாற்பதுகளில் இருந்தவர்கள் இன்று அறுபதுகளின் பிற்பகுதியையோ எழுபதையோ எட்டியிருக்கிறார்கள்.

இந்தியாவில் நீண்டகாலப் பராமரிப்பு என்பது பெரும்பாலும் இல்லங்களில் நடப்பதல்ல; வீட்டின் நடு அறையில், மருமகளோ மகளோ கூலிக்கு வரும் ஆயாவோ பார்த்துக்கொள்வது. பக்கவாதம் வந்து படுத்தவர், இடுப்பு எலும்பு முறிந்தவர், நினைவு தப்பியவர் என்று எல்லோரும் அப்படித்தான் பராமரிக்கப்படுகிறார்கள். முதியோர் இல்லத்துக்கான நியாயம் அத்தனையும் இந்த வீடுகளுக்கும் பொருந்தும். சொல்லப்போனால் கூடுதலாகவே பொருந்தும். ஏனென்றால் இங்கே மருந்து எழுதுவதும் கொடுப்பதும் சில நேரம் மெடிக்கல் ஷாப்பிலேயே முடிந்துவிடுகிறது.

தொற்று முதியவர்களை ஏன் இத்தனை சுலபமாகப் பிடிக்கிறது? நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி வயதோடு சுருங்கிவிடுவதால், புதிய கிருமியை அடையாளம் காணும் டி அணுக்கள் புதிதாக உருவாவது குறைகிறது. இருமல் வலுவிழக்கிறது. விழுங்கும் தசைகள் தளர்வதால் உமிழ்நீரும் கஞ்சியும் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவுக்கு வழி செய்கின்றன. சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாவதில்லை. தோல் மெலிந்து, ஒரே பக்கமாகப் படுத்தால் படுக்கைப்புண் வருகிறது.

இதைவிடச் சிக்கல், தொற்று வந்தாலும் வெளியே தெரியாமல் இருப்பது. இளம் உடல் 103 டிகிரிக்கு எரியும் இடத்தில் முதிய உடல் 99இல் நின்றுவிடும். அதனால்தான் பராமரிப்பு இல்லங்களுக்கென்று அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2008இல் தனி அளவுகோல் வைத்தது: வாய் வழியாக ஒருமுறை எடுத்து 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, திரும்பத் திரும்ப 99ஐத் தாண்டினாலோ, அவரவரின் வழக்கமான சூட்டைவிட 2 டிகிரி கூடினாலோ அதைக் காய்ச்சலாகக் கொள்ள வேண்டும். மூன்றாவது விதியைக் கடைப்பிடிக்க, அந்தப் பெரியவரின் வழக்கமான சூடு எவ்வளவு என்று நல்ல நாளில் யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஆக, இரு பக்கமும் ஆபத்து. நிஜத் தொற்று கண்ணில் படாமல் போகலாம். தொற்றில்லாத சோர்வு தொற்றாகத் தெரியலாம். இந்தப் பயத்தில்தான் "எதற்கும் ஒரு ஆன்டிபயாட்டிக் போட்டு வைப்போம்" என்ற பழக்கம் வேர்விட்டது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் கணிப்பில், அந்நாட்டுப் பராமரிப்பு இல்லங்களில் ஓராண்டில் 70 சதவீதம் பேர் வரை குறைந்தது ஒரு முறையாவது ஆன்டிபயாட்டிக் பெறுகிறார்கள். எழுதப்படும் மருந்தில் 40 முதல் 75 சதவீதம் தேவையற்றதாகவோ பொருத்தமற்றதாகவோ இருக்கலாம்.

ஒருவர் விழுங்கினால்

"போட்டு வைத்தால் என்ன நஷ்டம்?" என்பது நியாயமான கேள்வி. முதல் நஷ்டம் விழுங்கியவருக்கே. வயதான சிறுநீரகம் மருந்தை மெதுவாக வெளியேற்றுவதால் சாதாரண அளவே அதிக அளவாகிவிடும். லெவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளோரோகுயினோலோன் வகை மருந்துகள், சுகர் மாத்திரை சாப்பிடும் முதியவரின் ரத்தச் சர்க்கரையை அபாயகரமாக இறக்கிவிடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது. 60 வயதைக் கடந்தவர்களுக்குக் குதிகால் தசைநாண் அறுந்துபோகும் ஆபத்து கூடும் என்ற எச்சரிக்கை 2008லேயே வந்துவிட்டது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்குப் பல ஆன்டிபயாட்டிக்குகள் ரத்தக்கசிவை வரவழைக்கும்.

இரண்டாவது நஷ்டம் பக்கத்துக் கட்டிலுக்கு. இதை எண்களோடு காட்டியது கனடாவின் ஒன்டாரியோ மாகாண ஆய்வு. நிக் டேன்மன் குழுவினர் 607 பராமரிப்பு இல்லங்களில் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். 1000 பேர்-நாளுக்கு ஒரு இல்லத்தில் 20 நாள் ஆன்டிபயாட்டிக் என்றால் இன்னொன்றில் 190ஐயும் தாண்டியது. ஏறத்தாழ பத்து மடங்கு வித்தியாசம். மருந்து அதிகம் புழங்கிய இல்லங்களில் வயிற்றுப்போக்கு, ஒவ்வாமை, மருந்துக்கு அடங்காத கிருமித் தொற்று போன்ற கேடுகள் அதிகமாக இருந்தன. ஆன்டிபயாட்டிக்கே தொடாதவர்களுக்கும் அந்த இல்லங்களில் ஆபத்து கூடியிருந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கனமான செய்தி.

இதன் வழி புரிந்துகொள்ளக் கூடியதே. ஆன்டிபயாட்டிக் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களையும் அழிக்கிறது. காலியான இடத்தில் க்ளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகிக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். அதன் வித்துகள் கட்டில் கம்பியிலும் கழிவறைக் கைப்பிடியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சானிட்டைசருக்கு அவை சாகாது. சோப்பும் ஓடும் தண்ணீருமாகக் கழுவி நீக்க வேண்டும். பராமரிப்பவரின் கை ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும்போது கிருமியும் போகிறது. ஆகவே கூட்டாக வாழும் இடத்தில் ஒருவருக்குக் கொடுக்கும் மாத்திரை அந்தக் கட்டடத்தில் உள்ள எல்லோரையும் தொடும்.

இந்தப் பயணம் ஊர் எல்லையிலும் நாட்டு எல்லையிலும் நிற்பதில்லை. நீரிழிவும் பக்கவாதமும் கண்ட, சுவீடனில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் ஒருவர் 2007 இறுதியில் இந்தியா வந்தபோது நோய்வாய்ப்பட்டு, டெல்லியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். படுக்கைப்புண்ணும் வந்தது. 2008 ஜனவரியில் சுவீடன் மருத்துவமனையில் அவருடைய சிறுநீரைச் சோதித்தபோது, கடைசிக் கட்ட மருந்தாகக் கருதப்படும் கார்பபெனெம்களுக்கும் அடங்காத க்ளெப்சியெல்லா கிருமி இருந்தது. அதில் கண்டறிந்த நொதிக்கு என்டிஎம்-1 என்று பெயரிட்டார்கள். பின்னர் அவருடைய மலத்தில் இருந்த ஈ.கோலையிலும் அதே மரபணு கிடைத்தது. பிளாஸ்மிட் என்ற வட்ட வடிவ டிஎன்ஏத் துண்டில் அமர்ந்திருக்கும் இந்த மரபணுவை, அக்கம்பக்கத்தார் கைமாற்று கொடுப்பது போல ஒரு வகைப் பாக்டீரியா இன்னொரு வகைக்குக் கொடுத்துவிடும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்டு 2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த கட்டுரை, அந்த மரபணு சென்னையில் 44 மாதிரிகளிலும் ஹரியானாவில் 26 மாதிரிகளிலும் பிரிட்டனில் 37 மாதிரிகளிலும் இருப்பதைக் காட்டியது. நாட்டின் பெயரைக் கெடுப்பதாக எழுந்த சர்ச்சை அடங்கியபின் வேலை தொடங்கியது. டாக்டர் அப்துல் கஃபூர் முன்னெடுத்த சென்னைப் பிரகடனம் 2012இல் வந்தது. 2014 மார்ச் 1 முதல் அட்டவணை எச்-1 நடைமுறைக்கு வந்தது: பட்டியலில் உள்ள மருந்துகளை (தொடக்கத்தில் 46) விற்கும் கடைக்காரர், எழுதிய மருத்துவர், வாங்கிய நோயாளி, அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். உயர்வகை ஆன்டிபயாட்டிக்குகளும் காசநோய் மருந்துகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

யாருக்காக இத்தனை கவலை என்பதற்கு 2024 செப்டம்பரில் லான்செட்டில் வந்த உலகக் கணக்கு பதில் சொல்கிறது. 1990 முதல் 2021 வரையிலான காலத்தில் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேர்ந்த மரணங்கள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே பாதிக்கும் மேல் குறைந்தன. 70 வயதைக் கடந்தவர்களிடையே 80 சதவீதத்துக்கும் மேல் கூடின. தடுப்பூசியும் சுகாதாரமும் குழந்தைகளைக் காத்தன. முதியவர்களுக்கு அதே அக்கறை இன்னும் போய்ச் சேரவில்லை.

காத்திருப்பதும் ஒரு சிகிச்சை

மார்க் லோப் என்ற கனடிய மருத்துவரும் பிறரும் 2001இல் ஓர் எளிய வரைமுறை வகுத்தார்கள். குழாய் போடாதவருக்குச் சிறுநீர்த் தொற்று என்று சந்தேகித்து மருந்து தொடங்க வேண்டுமானால், புதிதாகச் சிறுநீர் எரிச்சல் இருக்க வேண்டும். அல்லது காய்ச்சலோடு சேர்த்து, அடிக்கடி போவது, அவசரம், அடிவயிற்று வலி, விலாவுக்குக் கீழே முதுகில் வலி, சிறுநீரில் ரத்தம், புதிதாக அடக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். குழாய் போட்டவருக்குக் காய்ச்சல், நடுக்கம், முதுகு வலி, திடீர் மனக்குழப்பம் இவற்றில் ஒன்று போதும். இவை இல்லையென்றால் தண்ணீர் கொடுத்து, மலச்சிக்கலைப் பார்த்து, புதிதாகச் சேர்த்த மாத்திரைகளைப் பார்த்து, ஒன்றிரண்டு நாள் கண்காணிக்க வேண்டும்.

காத்திருந்ததால் யாராவது செத்துப்போனால்? அந்த அச்சத்தை அவர்களே சோதித்தார்கள். ஒன்டாரியோவிலும் அமெரிக்காவின் ஐடஹோவிலும் 24 இல்லங்களை எடுத்துக்கொண்டு, பாதியில் இந்த வரைமுறையைக் கடைப்பிடித்தார்கள். 2005இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வந்தது. சிறுநீர்த் தொற்றுக்கான மருந்து, 1000 பேர்-நாளுக்கு வழக்கமான இல்லங்களில் 1.59 முறையும் வரைமுறை இல்லங்களில் 1.17 முறையும் கொடுக்கப்பட்டது. மருத்துவமனைச் சேர்க்கையிலும் மரணத்திலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

காத்திருப்பது என்றால் கைகட்டி நிற்பதல்ல. மூச்சு நிமிடத்துக்கு 25ஐத் தாண்டினாலோ, உடல் நடுங்கினாலோ, ரத்த அழுத்தம் இறங்கினாலோ, எழுப்பியும் கண் திறக்காவிட்டாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே ஆன்டிபயாட்டிக்கைப் போல உயிர் காக்கும் பொருள் வேறில்லை. அந்த நேரத்தில் அது வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் மற்ற நேரங்களில் கையை அடக்கச் சொல்வது.

தொற்றே வராமல் தடுப்பதில் பெரும் பங்கு ஆயாவின் கையில் இருக்கிறது. ஜப்பானில் யோனேயாமா குழுவினர் 11 இல்லங்களில் இரண்டாண்டு நடத்திய ஆய்வில், சாப்பிட்டபின் பராமரிப்பவர்கள் வாயையும் பல்லையும் சுத்தம் செய்துவிட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. அப்படிச் செய்யாதவர்களில் 19 சதவீதம். பின்னாளில் அமெரிக்காவில் வேறு முறையில் செய்த ஆய்வில் இந்தப் பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் படுத்தவரை நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுவதற்கும் வாயைத் துடைத்துவிடுவதற்கும் செலவில்லை, கெடுதலும் இல்லை. கலிபோர்னியாவில் 28 இல்லங்களில் க்ளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்து குளிப்பாட்டி, மூக்கில் அயோடின் மருந்து தடவியதில் தொற்றுக்காக மருத்துவமனைக்குப் போவது குறைந்ததாக 2023இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டார்கள். இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைப்பது, தேவை முடிந்த அன்றே சிறுநீர்க் குழாயை எடுத்துவிடுவது, பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவிடுவது, ஒவ்வொருவரைத் தொட்டபின்னும் கை கழுவுவது ஆகியவற்றுக்கு மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. போதுமான ஆட்களும் கௌரவமான சம்பளமும் வேண்டும்.

இருமலுக்கு வேறு நியாயம்

தங்கவயலில் இன்னொன்றையும் மறக்க முடியாது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய இந்தச் சுரங்கங்களில் கல் துளைத்தவர்களின் நுரையீரலில் சிலிக்கா தூசி படிந்தது. 1940களில் இங்கே நடந்த பரிசோதனை, இந்தியத் தொழில்நல மருத்துவ வரலாற்றின் முன்னோடி ஆய்வுகளில் ஒன்று. 7,600க்கும் மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்ததில் 40 சதவீதத்துக்கும் மேலானோருக்கு சிலிகோசிஸ் இருந்தது. தூசியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் அணுக்கள் அதனாலேயே பாழாகின்றன. காசநோய்க் கிருமியைப் பிடித்து அடக்கவேண்டிய காவலர்களும் இதே அணுக்கள்தான். அதனால் சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் ஆபத்து வாழ்நாள் முழுதும் அதிகம். சுரங்கத்தை விட்டு வந்து இருபத்தைந்து ஆண்டானாலும் அது போவதில்லை.

இப்படிப்பட்ட முதியவர் வாரக்கணக்கில் இருமும்போது, "சளி கட்டியிருக்கு" என்று லெவோஃப்ளாக்சசின் கொடுத்தால் நடப்பது விபரீதம். அந்த மருந்து காசநோய்க் கிருமியையும் ஓரளவு தாக்கும். ஒரு வாரம் உடம்பு தேறியது போலிருக்கும், சளியில் கிருமி தெரியாமல் மறையும், நோயைக் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். மீந்த கிருமிகள், கடினமான காசநோய்க்கு வைத்திருக்கும் முக்கிய மருந்துகளில் ஒன்றுக்கே பழகிக்கொள்ளும். அதற்குள் அதே அறையில் படுத்திருப்பவர்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நோய் பரவியிருக்கலாம். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலுக்கு முதலில் சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

நோய் உறுதியானால் நியாயம் தலைகீழாகும். சிறுநீர்த் தொற்றுக்கும் சாதாரண நிமோனியாவுக்கும் பல நேரம் ஐந்து நாள் போதும். காசநோய்க்கு மாதக்கணக்கில் ஒரு நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். படுக்கையோ மலைக்காற்றோ இல்லாமல் வீட்டிலேயே மருந்தை முறையாக எடுத்தவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமாகிறார்கள் என்று உலகத்துக்கு நிரூபித்தது சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம்தான். சரியான மருந்து, சரியான ஆளுக்கு, சரியான காலம் வரை என்ற மூன்றும் கூடியதால் வந்த வெற்றி அது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச்சட்டம் 2007இல் வந்தது. ஆதரவற்ற 150 முதியவர்களாவது தங்கக்கூடிய இல்லம் ஒன்று மாவட்டந்தோறும் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அப்படி எழும் இல்லங்களில் கட்டில், சாப்பாட்டோடு சேர்த்து ஒரு நோட்டுப் புத்தகத்தையும் ஆய்வு செய்ய வரும் அதிகாரிகள் கேட்க வேண்டும். ஒவ்வொருவரின் வழக்கமான உடல் சூடு, குழாய் போட்ட தேதி, எடுத்த தேதி, ஃப்ளூ மற்றும் நிமோகாக்கஸ் தடுப்பூசி போட்ட நாள், கொடுத்த ஆன்டிபயாட்டிக்கின் பெயர், என்ன அறிகுறிக்காக, எத்தனை நாளைக்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒன்டாரியோவில் பத்து மடங்கு வித்தியாசம் வெளியே தெரிந்ததற்குக் காரணம், அங்கே ஒவ்வொரு இல்லத்துக்கும் கணக்கு இருந்தது. கோலார் மாவட்டத்தில் அதைத் தொடங்க 200 பக்க நோட்டு ஒன்றும், எழுதத் தெரிந்த ஒருவருக்கு நாளொன்றுக்குக் கால் மணி நேரமும் போதும்.